எண்ணெய் விளக்கும் அதன் பர்னரும்

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகை மாவட்டக் கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னைகளோடு மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆயிற்று. மின்விளக்கு வந்தபின் மறந்துவிட்ட அரிக்கேன் விளக்குகள் அந்நாட்களில் பரணிலிருந்து கீழே இறங்கின.

அவ்வமயம் கடற்கரையை ஒட்டிய ஓர் ஊருக்கு நான் சென்றிருந்தேன். ஒரு திண்ணையில் ஐந்து அரிக்கேன் விளக்குகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் பர்னரின் மேல் மூடியைக் காணவில்லை. மற்றொன்றில் பழந்துணியை முறுக்கித் திரியாக நுழைத்திருந்தார்கள். வேறொன்றில் பக்கக் குழாய் நசுங்கியிருந்தது. ஆறாவதாக, மருந்துப் புட்டியின் மூடியில் ஆணியால் துளையிட்டுத் திரி செருகிய ஒரு சிமினி விளக்கும் இருந்தது. எல்லாம் எரிந்தன, எல்லாம் புகைந்தன. “எண்ணெய் சரியில்லை ஐயா, ரேஷன் எண்ணெயே இப்படித்தான்” என்றார் அவ்வீட்டுப் பெரியவர். காலையில் அவ்வீட்டுக் குழந்தைகளின் மூக்கைத் துடைத்தால் துணியில் கரி ஒட்டுகிறது என்றார் அவருடைய மருமகள். எண்ணெயின் மேல் பழி போடுவது எளிது. ஆனால் அங்கே குற்றம் எண்ணெயினுடையது அன்று, பர்னரினுடையது.

பர்னர் என்பது எண்ணெய்க் கலத்துக்கும் சுடருக்கும் நடுவே உள்ள சிறு உறுப்பு. திரியைத் தாங்குவதும், அதை ஏற்றி இறக்குவதும், சுடருக்கு வேண்டிய காற்றை வேண்டிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதன் பணிகள். முதல் இரண்டு பணிகளை எல்லோரும் அறிவர். மூன்றாவதே தலையாயது. கடந்த 240 ஆண்டுகளாக எண்ணெய் விளக்கில் ஏற்பட்ட திருத்தங்கள் யாவும் பெரும்பாலும் இம்மூன்றாவது பணியைப் பற்றியவையே.

சுடரில் நிகழ்வது என்ன?

திரி எரிகிறது என்று நாம் வழக்கத்தில் சொல்கிறோம். உண்மையில் எரிவது திரியும் அன்று, நீர்மமாக உள்ள எண்ணெயும் அன்று. திரியின் நூலிழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளின் வழியாக எண்ணெய் மேலே ஏறுகிறது. சுடரின் வெப்பத்தால் அது ஆவியாகிறது. அந்த ஆவியே காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடி எரிகிறது. எண்ணெய் ஏறிக்கொண்டே இருக்கும்வரை திரி அவ்வளவாகக் கருகாது. எண்ணெய் வற்றியபிறகே திரி கருகத் தொடங்கும். இதை எந்த அகல் விளக்கிலும் காணலாம்.

அந்த ஆவி எரியும் விதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. சுடரின் உள்ளே வெப்பத்தால் ஆவி சிதைந்து மிக நுண்ணிய கரித்துகள்கள் தோன்றுகின்றன. உலைக்களத்து இரும்பு பழுப்பது போல அவை வெப்பத்தில் பழுத்து மஞ்சள் ஒளி வீசுகின்றன. நாம் விளக்கு வெளிச்சம் என்பது இந்தக் கரித்துகள்களின் ஒளியே. ஒளிவிட்ட துகள்கள் சுடரின் விளிம்பை அடையும்போது அங்கே போதிய காற்று இருந்தால் முற்றும் எரிந்துவிடும். காற்றுப் போதாவிட்டால் எரியாமலே வெளியேறும். அதுதான் புகை. மைக்கேல் பாரடே என்ற ஆங்கில விஞ்ஞானி, இலண்டனில் சிறுவர்களுக்காக ஆற்றிய சொற்பொழிவுகளில், ஒரு மெழுகுவத்தியை மட்டும் வைத்துக்கொண்டு இதையெல்லாம் விளக்கிக் காட்டினார். நாமும் வீட்டில் பார்க்கலாம். ஒரு தேக்கரண்டியின் அடிப்பக்கத்தைச் சுடரின் நடுவே ஒரு கணம் பிடித்தால் கரி அப்பிக்கொள்ளும். சுடரின் நுனிக்கு மேலே சற்று உயரத்தில் பிடித்தால், நல்ல விளக்காயின் கரண்டி சூடாகும், கறுக்காது. அங்கேயும் கறுத்தால் அவ்விளக்கு எண்ணெயை வீணாக்குகிறது என்று அறியலாம்.

அப்படியானால் காற்றை வேண்டுமளவும் விட்டுவிடலாமே என்று தோன்றும். அதுவும் கூடாது. தொடக்கத்திலேயே காற்று மிகுதியாகக் கலந்துவிட்டால் கரித்துகள் தோன்றுவதற்கு முன்பே ஆவி எரிந்துபோகும். அப்போது கிடைப்பது நீலச்சுடர். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் அதைத்தான் விரும்பி உண்டாக்குகிறோம். அதற்கு வெப்பம் உண்டு, வெளிச்சம் இல்லை. ஆகவே விளக்கின் பர்னர் துகள்களை முதலில் தோன்றவிட்டுப் பின்பு எரித்துவிட வேண்டும். காற்று பின்தங்கினால் புகை, முந்திக்கொண்டால் இருள்.

இந்தப் புகை அற்பமானது அன்று. சாதாரணத் திரி விளக்குகளைப் பற்றி 2012ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கண்ணாடியோ காற்று வழியோ இல்லாத சிமினி விளக்குகளில் எரியும் மண்ணெண்ணெயில் நூற்றுக்கு 7 முதல் 9 பங்குவரை ஏறக்குறைய தூய கரித்துகளாகவே வெளியேறுகிறது என்று கண்டார்கள். காசு கொடுத்து வாங்கிய எண்ணெயில் பன்னிரண்டில் ஒரு பங்கு சுவரிலும் கூரையிலும் நம் மூச்சுப்பையிலும் படிகிறது என்று இதற்குப் பொருள்.

அகல் முதல் ஆர்கண்டு வரை

நம் அகல் விளக்கைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். கலம் ஆழமில்லாதது, எண்ணெய்ப் பரப்புக்கும் சுடருக்கும் இடையே ஓரங்குலம்கூட இராது. தடித்த எண்ணெயையும் திரி எளிதில் ஏற்றிவிடும். குத்துவிளக்கில் ஐந்து முகங்களில் ஐந்து மெல்லிய திரிகளைத் தனித்தனியே வைப்பதிலும் பொருள் உண்டு. ஐந்தையும் ஒன்றாகத் திரித்து ஒரு கொழுத்த திரியாக ஏற்றிப் பாருங்கள். சுடர் பெரிதாகும், ஆனால் தாரைதாரையாகப் புகை எழும். தடித்த சுடரின் நடுப்பகுதிக்குக் காற்று எட்டாததே காரணம். அகலின் குறை என்னவெனில், காற்றை வழிநடத்த அதனிடம் எதுவும் இல்லை. வீசுகிற காற்றே அதற்கு வேலைக்காரன், அவனே எதிரியும்.

ஐரோப்பாவிலும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை நிலைமை இதேதான். வெளிச்சம் மிகுதியாக வேண்டுமானால் விளக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. எரிதல் என்பது காற்றிலுள்ள பிராணவாயுவுடன் பொருள் கூடுவதே என்று பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியர் நிறுவிய காலம் அது. அக்காலத்தில் பாரிஸில் பயின்ற அய்மே ஆர்கண்டு என்னும் ஜினீவா நகரத்தார் 1780ஆம் ஆண்டையொட்டி ஒரு புதிய பர்னரை அமைத்தார். ஒன்றினுள் ஒன்றாக இரண்டு உலோகக் குழாய்கள். அவற்றின் இடுக்கில் குழல்போல நெய்த திரி. உட்குழாய் அடியில் திறந்திருக்கும். விளக்கை ஏற்றியதும் வளையம்போல் சுடர் எழும். அதன் புறத்தே காற்று உண்டு. அடியிலிருந்து ஏறிவரும் காற்று அகத்தையும் தழுவும். கொழுத்த திரியின் நடுவில் எட்டாத இடம் எதுவோ, அந்த இடத்தையே ஆர்கண்டு வெறுமையாக்கிக் காற்றுக்குக் கொடுத்துவிட்டார்.

இதனுடன் கண்ணாடிப் புகைக்கூண்டும் சேர்ந்தது. உடைந்த குடுவை ஒன்றின் கழுத்தை ஆர்கண்டின் தம்பி விளையாட்டாகச் சுடரின் மேல் பிடித்தார் என்றும், சுடர் உடனே உயர்ந்து வெண்மையாக ஒளிர்ந்தது என்றும் ஒரு கதை சொல்லுவர். கதை எப்படியிருப்பினும் காரணம் தெளிவு. கூண்டினுள் உள்ள காற்று சூடேறி இலேசாகி மேலெழுகிறது. அதன் இடத்தை நிரப்பக் கீழிருந்து புதுக்காற்று விரைந்து வருகிறது. செங்கல் சூளையின் புகைபோக்கி செய்யும் வேலையையே இக்கண்ணாடிக் குழலும் செய்கிறது. பக்கக் காற்றிலிருந்து சுடரைக் காப்பது அதன் இரண்டாவது பயன்தான். கண்ணாடி என்பது காற்றுத் தடுப்புக்கு மட்டுமே என்று நினைத்து, உடைந்தபின் “காற்றில்லாத அறைதானே” என்று அது இல்லாமலே எரிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆர்கண்டின் விளக்கு பத்து மெழுகுவத்திகள் வரையிலான வெளிச்சத்தைத் தந்தது. 1784இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஆனால் பாரிஸில் அவருடைய வடிவத்தைப் பிறர் எடுத்துக்கொண்டனர். இங்கிலாந்திலும் காப்புரிமை சில ஆண்டுகளில் செல்லாததாயிற்று. ஊருக்கெல்லாம் ஒளி தந்தவர் 1803இல் வறுமையில் இறந்தார். பிரான்சில் அவ்விளக்குக்கு வழங்கிய பெயர்கூட அவருடையது அன்று. கேங்கே என்ற வேறொருவருடையது.

தெருவிளக்கைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்லவேண்டும். பொதுத் தெருக்களில் விளக்கிடுவதைப் பஞ்சாயத்தின் கடமைகளுள் ஒன்றாக 1958ஆம் ஆண்டுச் சட்டமும் வைத்தது, 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வைத்திருக்கிறது. மின்சாரம் வருமுன் ஏணியும் எண்ணெய்ப் பாத்திரமும் தூக்கிக்கொண்டு மாலையில் தெருத்தெருவாகச் சென்ற விளக்கேற்றுபவரை முதியோர் நினைவில் வைத்திருக்கக்கூடும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இலண்டனிலிருந்து வந்த உருண்டைக் கண்ணாடி விளக்குகள் சில மணி நேரத்திலேயே உட்புறம் கறுத்துவிட்டன. அடியில் காற்று புக வழியில்லாததால் புகை மேலேறாமல் உள்ளேயே சுழன்றதே காரணம் என்று பெஞ்சமின் பிராங்க்ளின் கண்டார். உருண்டைக்குப் பதிலாக நான்கு தட்டைக் கண்ணாடிகள், மேலே புகை செல்ல நீண்ட கூம்பு, அடியில் காற்று புகச் சிறு இடுக்குகள் என்று மாற்றி அமைக்கச் சொன்னார். அவ்விளக்குகள் விடியும்வரை தெளிவாக எரிந்தன. ஒரு கல் பட்டால் முழு உருண்டையும் போகும் நிலை மாறி, உடைந்த ஒரு கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதும் என்றும் ஆயிற்று. செலவுக் கணக்குப் பார்க்கும் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு இரண்டாவது பயனே முதலில் கண்ணில் படும்!

மண்ணெண்ணெய் வந்தபின்

ஆர்கண்டின் விளக்குக்கு ஒரு தொல்லை இருந்தது. அன்றைய எண்ணெய்கள் கடுகினத்து விதை எண்ணெயும் திமிங்கில எண்ணெயும். தடித்த இவை திரியில் அதிக உயரம் ஏற மாட்டா. ஆகையால் எண்ணெய்க் கலத்தைச் சுடரின் மட்டத்திலேயே பக்கவாட்டில் வைக்க நேர்ந்தது; அந்தப் பக்கம் முழுவதும் நிழல் விழுந்தது. 1800இல் கார்சல் என்ற பிரெஞ்சு கடிகாரத் தொழிலாளி, அடியிலுள்ள கலத்திலிருந்து கடிகாரப் பொறியால் எண்ணெயை மேலே இறைக்கும் விளக்கைச் செய்தார். நல்ல விளக்குத்தான், ஆனால் அதைப் பழுதுபார்க்கக் கடிகாரக்காரர் வேண்டும்.

1853இல் இக்னசி லூக்காசியேவிச் என்ற போலந்து மருந்தாளர் லுவோவ் நகரில் பூமியெண்ணெயிலிருந்து வடித்த மண்ணெண்ணெயை விளக்கில் எரித்தார். அவ்வாண்டிலேயே அந்நகர மருத்துவமனையில் அவ்வொளியில் இரவில் ரணசிகிச்சை நடந்தது. 1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டிரேக் என்பவர் துளையிட்ட கிணற்றில் எண்ணெய் கிடைத்தபின் மண்ணெண்ணெய் உலகெங்கும் மலிந்தது. மெல்லிய எண்ணெய் ஆதலால் திரியில் பல அங்குலம் எளிதில் ஏறும். கலம் அடியிலும் சுடர் மேலுமாக விளக்கை அமைப்பதற்கு இனிப் பொறி எதுவும் வேண்டியதில்லை. ஆனால் மண்ணெண்ணெயில் கரி மிகுதி. காற்று வழி சரியில்லையேல் விதை எண்ணெயைவிட மோசமாகப் புகையும். அதனாலேயே நாம் இன்றும் காணும் தட்டைத்திரி பர்னர் உருவாயிற்று.

அரிக்கேன் விளக்கின் பர்னரைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்டு மேலே படிப்பது நன்று. நடுவில் தட்டையான திரிக்குழாய். அதன் பக்கத்தில், வெளித்திருகுடன் இணைந்த பற்சக்கரங்கள். இவை திரியைக் கவ்வி ஏற்றி இறக்கும். திரிக்குழாயைச் சுற்றிச் சல்லடைபோல் துளையிட்ட தட்டு. இது அழகுக்காக இட்டதன்று. குப்பென்று வரும் காற்றைப் பிரித்து அமைதியாக்கிச் சமமாக மேலே விடுவது இத்தட்டே. அதன் மேலே, நடுவில் நீண்ட பிளவுள்ள குவிந்த மூடி. சிலர் இதைத் தொப்பி என்பர். அடியிலிருந்து வரும் காற்று இம்மூடியின் உட்புறத்தில் மோதி வளைந்து, பிளவின் இருபுறத்திலிருந்தும் சுடரின் அடியைத் தாக்குகிறது. அதனால் சுடர் அகன்று மெலிந்து வெண்மையாகிறது. கஜா புயலின்போது நான் பார்த்த முதல் விளக்கில் இல்லாமற்போனது இம்மூடிதான். அது இல்லாவிட்டால் எத்தனை நல்ல எண்ணெயை ஊற்றினாலும் செம்மஞ்சளான புகைச்சுடரே கிடைக்கும்.

மேசை விளக்குகளுக்கு இதைவிட நுட்பமான பர்னர்கள் உண்டு. 1865இல் பெர்லினில் வெளிவந்த காஸ்மாஸ் பர்னரில் அகன்ற தட்டைத்திரி அடியில் தட்டையாகப் புகுந்து மேலே குழலாகச் சுருண்டு ஆர்கண்டின் வளையச் சுடரைத் தரும். தட்டைத்திரியின் எளிமையும் வட்டச்சுடரின் ஒளியும் ஒன்றில் கூடின. அதே ஆண்டில் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தார் இரண்டு தட்டைத்திரிகளை அருகருகே நிறுத்தினர்.

ஆனால் குடியானவருக்கு வேண்டியது காற்றிலும் மழையிலும் களத்துக்கும் கொட்டிலுக்கும் கொண்டுபோகும் விளக்கு. அமெரிக்காவில் ஜான் இர்வின் என்பவர் 1868ஐ ஒட்டிப் பக்கக் குழாய்களுள்ள லாந்தரை அமைத்தார். சுடரிலிருந்து எழும் சூடான காற்றில் ஒரு பகுதி மேல்கூண்டில் வெளிக்காற்றுடன் கலந்து பக்கக் குழாய்கள் வழியே இறங்கிப் பர்னரின் அடிக்கு வரும். வெளிக்காற்று எப்படி வீசினாலும், உட்புகும் வழிக்கும் வெளியேறும் வழிக்கும் ஒரே அழுத்தமாக இருப்பதால் சுடர் அணையாது. ஆனால் எரிந்து கழிந்த காற்றும் திரும்ப வருவதால் வெளிச்சம் மட்டாகவே இருந்தது. சில ஆண்டுகளில் அவரே அதைத் திருத்தினார். புகை நடுக்கூண்டின் வழியே தனியே வெளியேற, பக்கக் குழாய்கள் புதிய காற்றை மட்டும் எடுத்துவரும்படி செய்தார். வெளிச்சம் ஏறக்குறைய இரட்டித்தது. நம் வீடுகளிலுள்ள அரிக்கேன் விளக்குகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையின் வழிவந்தவை. பக்கக் குழாய்கள் தூக்குவதற்கான பிடி என்று கருதுவோர் பலர் உளர். அவை விளக்கின் மூக்குத் துவாரங்கள். நசுங்கினாலும், சிலந்தியோ குளவியோ உள்ளே கூடு கட்டினாலும் விளக்கு மூச்சுத்திணறும்.

வலை மாட்டிய விளக்கைப் பற்றி ஒரு சொல். ஆஸ்திரியரான ஆவர் வான் வெல்ஸ்பாக் 1880களில், கரித்துகளை நம்பாமல், நீலச்சுடரின் வெப்பத்தில் ஒளிரும் வலை ஒன்றைச் செய்தார். 1891இல் தோரியம் 99 பங்கும் சீரியம் ஒரு பங்கும் சேர்த்த கலவை தகுந்தது என்று கண்டார். அந்தத் தோரியத்துக்கான மோனசைட் மணல் நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் உள்ளது. திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு 1909ஐ ஒட்டி ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அதைக் கண்டுபிடித்தார் என்பது வரலாறு. திருமணங்களிலும் திருவிழாக்களிலும் தலையில் சுமந்து சென்ற பெட்ரோமாக்ஸ் விளக்குகள் இக்கொள்கையைக் கொண்டவை. வீட்டுக்கு அவை ஏற்றவையல்ல.

புங்க எண்ணெயை எரிக்கலாமா?

மானிய விலை மண்ணெண்ணெய் ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு குறைக்கப்பட்டு வந்திருக்கிறது. புங்கு, வேம்பு, இலுப்பை, ஆமணக்கு ஆகியவை நம் கரைகளிலும் மேடுகளிலும் இருக்கின்றன. அவற்றின் எண்ணெயை அரிக்கேன் விளக்கில் ஊற்றலாமா என்று கேட்போர் உண்டு. அப்படியே ஊற்றினால் சற்று நேரம் எரிந்து மங்கி அணைந்துவிடும். இவ்வெண்ணெய்கள் மண்ணெண்ணெயைவிட இருபது மடங்குக்கும் மேல் தடித்தவை. விளக்கெண்ணெயோ நூற்றுக்கணக்கான மடங்கு. மூன்று நான்கு அங்குலம் திரியில் ஏற அவற்றால் இயலாது.

இக்கேள்வி புதியதன்று. தஞ்சையில் 1892இல் பிறந்த பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா, 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவை அடுத்த மகன்வாடியிலிருந்து நடத்தி வந்தார். வெளியிலிருந்து வரும் மண்ணெண்ணெய்க்கு ஊர்ப்பணம் போவதை அவர் ஏற்கவில்லை. அங்கே தாவர எண்ணெயில் எரியும் லாந்தர் ஒன்றை உருவாக்கி, ‘மகன் தீபம்’ என்று பெயரிட்டனர். (தமிழ்ச் செவிக்கு இது பிள்ளை விளக்காக ஒலிக்கும். மகன்லால் காந்தியின் நினைவாக வைத்த பெயர் அது.) 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி மண்ணெண்ணெய் அரிதானபோது இத்தகைய விளக்குகளின் அருமை நாட்டுக்குப் புலப்பட்டது. போர் முடிந்து மண்ணெண்ணெய் திரும்பியதும் அவை பின்தள்ளப்பட்டன. என் கருத்தில், அம்முயற்சியை அந்த இடத்தில் விட்டது நமக்கு இழப்பே.

தாவர எண்ணெய்க்கு ஏற்ற பர்னருக்கு வேண்டியவை மூன்று. முதலாவது, எண்ணெய்ப் பரப்பு சுடருக்கு ஓரங்குலத்துக்குள் இருக்கவேண்டும். எரிய எரிய அது இறங்கவும் கூடாது. கலத்தை அகலமாகவும் ஆழமின்றியும் செய்தால் மட்டம் மெதுவாகவே இறங்கும். இதைவிடச் சிறந்த வழியும் நம் பக்கத்திலேயே உண்டு. தூண்டாமணி விளக்கில் மேலே கவிழ்ந்த கலத்திலிருந்து, கீழே மட்டம் குறையும்போது மட்டும் எண்ணெய் தானே இறங்கும். இலங்கையில் தெதிகமவில் கிடைத்த 12ஆம் நூற்றாண்டு யானை விளக்கும் அப்படிப்பட்டதே; தட்டில் எண்ணெய் குறைந்தால் யானையின் உடலிலிருந்து எண்ணெய் ஒழுகும், மட்டம் நிறைந்ததும் நின்றுவிடும். கோழிக்குஞ்சுகளுக்கு நீர் வைக்கும் கவிழ்த்த புட்டியும் இதே தத்துவம்தான். ஆர்கண்டின் பக்கக் கலமும் இதைத்தான் பின்பற்றியது.

இரண்டாவது, திரி தளர நெய்ததாகவும் குழாயில் இறுகாமலும் இருக்கவேண்டும். தாவர எண்ணெய் எரியும்போது பிசின் போன்ற மண்டி திரிமுனையில் தங்கும். அதனால் தினமும் முனையை நறுக்கவேண்டும். திரிக்குழாயைப் பித்தளையிலோ செம்பிலோ செய்து அதன் அடி எண்ணெயில் அமிழும்படி வைத்தால் சுடரின் சூடு குழாய் வழியே இறங்கி எண்ணெயை இளக்கும். விளக்கெண்ணெய்க்கு இது மிகவும் உதவும். எண்ணெயை வடிகட்டித் தெளியவைத்தே ஊற்றவேண்டும் என்பதைச் செக்கடியில் உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, காற்று. அகன்ற பித்தளைத் தட்டில் எண்ணெய் விட்டு, நடுவில் திரிதாங்கியை நிறுத்தி, சிம்னிக் கண்ணாடியை மூன்று சிறு கால்களின் மேல் அரை அங்குலம் உயர்த்தி வைத்துப் பாருங்கள். அடியில் காற்று புகுந்து சுடர் நிமிர்ந்து வெளுக்கும். மகாராஷ்டிரத்தில் பல்டண் ஊரிலுள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் மண்ணெண்ணெயோடு வேறு எரிபொருள்களையும் வலை விளக்கில் எரிக்கும் ‘நூரி’ என்ற லாந்தரை அமைத்தனர். அது பெரிய வேலை. மேலே சொன்ன தட்டு விளக்கையோ ஊரிலுள்ள தகர வேலைக்காரரே ஒரு பிற்பகலில் செய்துவிடுவார்.

தாவர எண்ணெய்க்கு இன்னொரு மேன்மையும் உண்டு. அதை 200 பாகைக்கு மேல் சூடாக்கினாலன்றி அதன் ஆவி தீப்பற்றாது. எரியும் திரி எண்ணெயில் விழுந்தால் திரி அணையுமேயன்றி எண்ணெய் பற்றாது. மண்ணெண்ணெய் 40 பாகையை ஒட்டியே பற்றும் ஆவி தரும். பெட்ரோலோ நம் ஊர் மார்கழிக் குளிரிலும் தரும். அதனால் மண்ணெண்ணெயில் சிறிதளவு பெட்ரோல் கலந்தாலும் விளக்கு வெடிகுண்டாகிவிடும். பெட்ரோல் இருந்த பாத்திரத்தில் மண்ணெண்ணெய் வாங்குவதும் ஆபத்தே.

கவிழும் விளக்கு

பர்னரின் திருத்தம் வெளிச்சத்துக்காக மட்டும் அன்று. இலங்கையில் குப்பி விளக்கு என்பது, பழைய புட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றித் தகர மூடியில் திரி செருகியது; நாம் சிமினி விளக்கு என்பதே. உயரமாகவும் இலேசாகவும் இருப்பதால் கை பட்டதும் சாயும். மூடி இறுக்கமின்றி எண்ணெய் சிந்தும். சிந்திய எண்ணெய் உடுத்த சேலையில் பற்றும். இவ்வாறு வெந்து வந்த பெண்களையும் குழந்தைகளையும் மருத்துவமனையில் கண்டு மனம் நொந்த விஜய கொடகும்புர என்ற ரணசிகிச்சை மருத்துவர், 1990களின் தொடக்கத்தில் தாமே ஒரு விளக்கை வடிவமைத்தார். குட்டையான, கனத்த, தடித்த கண்ணாடிப் புட்டி. சாய்ந்தாலும் உருளாதபடி இரு பக்கங்கள் தட்டை. எண்ணெய் சிந்தாதபடி திருகி இறுக்கும் உலோக மூடி. அவ்வளவுதான். ‘சுதீப’ என்ற அவ்விளக்குக்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. உலைக்கூடமும் ஆய்வுக்கூடமும் வேண்டாத திருத்தம் இது. புட்டியின் உருவத்தையும் மூடியின் மரையையும் ஒருவர் அக்கறையோடு நினைத்துப் பார்த்ததே போதுமாயிருந்தது.

ஓரிரு வாட் எல்.இ.டி. விளக்கு ஒரு நல்ல அரிக்கேன் விளக்குக்கு ஒப்பான வெளிச்சத்தைப் புகையும் தீயும் இன்றித் தருகிறது என்பதை மறைப்பதற்கில்லை. சூரிய ஒளியில் மின்னேற்றும் விளக்கு கையில் உள்ளவர் அதையே ஏற்றட்டும். ஆனால் பத்து நாள் மேகமூட்டத்தில் அது மங்கியபிறகும், மின்கலம் தீர்ந்த பிறகும் வீட்டில் இருக்கப்போவது பழைய லாந்தர்தான். ஆதலால் புரட்டாசி முடிவதற்குள் அதைப் பார்த்து வைப்பது முறை.

பர்னரைக் கழற்றிச் சோடா உப்புப் போட்ட வெந்நீரில் கொதிக்கவைத்தால் கரியும் பிசினும் கழன்று சல்லடைத் துளைகள் திறக்கும். நன்றாக உலர்ந்தபின் மாட்டவேண்டும். ஒரு துளி நீரும் திரியில் எண்ணெயை மறிக்கும். திரி, குழாயின் அகலத்துக்குச் சரியாக இருக்கவேண்டும். குறுகிய திரியானால் பக்கத்து இடுக்கு வழியே சுடர் கலத்தை நோக்கி இறங்கக்கூடும். துணியும் சணலும் திரியாகா. பஞ்சு நாடாவே தகும். முனையை நேராக நறுக்கி, இரு மூலைகளை மட்டும் சிறிது மழுக்கினால் சுடருக்குக் கொம்பு முளைக்காது. புதுத்திரி எண்ணெயில் கால்மணி நேரம் ஊறியபிறகே கொளுத்தவேண்டும். கொளுத்தியதும் சுடரைத் தாழ்வாக வைத்து, கண்ணாடி சூடேறியபின் உயர்த்தவேண்டும். திரிமுனை பர்னர் மூடியின் பிளவுக்கு மேலே தெரியக்கூடாது. எரியும் விளக்கில் எண்ணெய் ஊற்றவே கூடாது. படுக்கும் அறையின் சன்னலைச் சிறிதாவது திறந்து வைக்கவேண்டும். புகையாத விளக்கும் அறையின் காற்றைக் கெடுக்கும்.

பஞ்சாயத்தார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. திரி, கண்ணாடி, பர்னர் மூடி ஆகிய மூன்றும் இப்போது சிற்றூர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. மழைக்காலத்துக்கு முன் ஊரில் உள்ள லாந்தர்களைக் கணக்கெடுத்து, எத்தனை அங்குலத் திரி எத்தனை வேண்டும் என்று குறித்து, நகரத்தில் ஒருமுறையாக வாங்கிச் சமுதாயக் கூடத்தில் ஒரு தகரப் பெட்டியில் வைக்கலாம். திரிகளைக் காகிதத்தில் சுற்றி, கண்ணாடிகளை வைக்கோலில் புதைத்து வைக்கவேண்டும். பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் புயல் எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஊரார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.